தொப்பித் தட்டில் இருந்த பேணி

"ஞாயிறு. காலமை 10 தொடக்கம் பின்னேரம் 5 மட்டும். லைற் போடுறேல்லை. ரிவி, றேடியோ இல்லை. பெல் அடிச்சா ஒருத்தரும் போறேல்லை. கடிதம் போடுற ஓட்டை ஒட்டுறது. யன்னல் சீலை இழுத்துவிடுறது. பிள்ளை உள்ளறையில. சங்கிலி வாங்கியாச்சு, பூட்டவேணும்."

இது அப்பாவின் கையெழுத்து. ஒரு கடை விளம்பரத் தாளின் வெறும் ஓரத்தில் பென்சிலால் எழுதியது. குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்ததை, வீடு மாறும்போது அம்மா உரித்தெடுத்துத் தன் சமையல் கொப்பிக்குள் வைத்திருந்தார். தாளில் ஆண்டு இல்லை. ஆனால் மறுபக்கத்தில், பன்றி இறைச்சிப் படத்துக்கு மேலே, "வாரம் 6" என்று அச்சாகியிருக்கிறது. எதற்கெடுத்தாலும் வார எண் சொல்லும் இந்த டேனிஷ் நாட்டுப் பழக்கம் என்னைப் போல நாள் தேடுகிறவர்களுக்குப் பெரிய உதவி. பிள்ளைகள் வேஷம் போடும் பாஸ்தலவுன் ஞாயிறு ஈஸ்டருக்கு நாற்பத்தொன்பது நாட்கள் முன்னால் வருவது. பழைய நாட்காட்டிகளை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அது ஆறாம் வாரத்தின் முடிவில் வந்ததும், ஹோர்சன்ஸில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் இருந்ததும் ஒரே ஒரு ஆண்டில்தான் பொருந்துகின்றன. எனக்கு அப்போது ஒன்பது வயது.

என் வயதுக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன். தாய் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்திறங்கி, ஆறு மாதத்தில் டேனிஷ் பேசி, வீட்டுக்கு வந்த கடிதமெல்லாம் வாசித்துச் சொன்ன பிள்ளைகள் நாங்கள். ஒக்டோபரில் பூசணிக்காயும் எலும்புக்கூடும் இங்கே பிடித்துக்கொண்டது பின்னாளில். எங்களுக்கு வேஷம் போடும் காலம் பெப்ரவரிதான். உப்புத் தூவிய பனி, காகிதப் பூனை தொங்கும் குச்சிக்கட்டு, மூக்கில் ஒட்டும் கிரீம் பன். வேஷம் போட்ட பிள்ளைகள் தகரப் பேணியைக் குலுக்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போய்ப் பாடுவார்கள். வீட்டுக்காரர் ஏதாவது இனிப்புக் கொடுப்பார்கள். இதை எந்தக் கடிதமும் எங்கள் பெற்றோருக்குச் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் இது தெரியவந்தது அதற்கு முந்திய வருடம், அந்த வீட்டில் எங்கள் முதல் குளிர்காலத்தில். நான் காய்ச்சலில் கிடந்தேன். அப்பாவும், எங்களோடு இருந்த சித்தப்பாவும் வெளியே போயிருந்தார்கள். மணி அடித்தது. அம்மா கையில் ரொட்டி மாவோடு போய்க் கதவைத் திறந்தார். பாட்டுத் தொடங்கியது, பேணி குலுங்கியது, பிறகு பாட்டு நின்றது. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது அம்மா இரண்டு கையாலும் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். கதவு மூடவில்லை. ஒரு பிள்ளையின் பேணி நிலைக்கும் கதவுக்கும் நடுவே அகப்பட்டிருந்தது. அம்மா தள்ளத் தள்ள அது நசுங்கியது. வெளியே யாரோ அழுதார்கள். பேணி உள்ளே விழுந்து கதவு பூட்டுப்பட்டதும் அம்மா அதிலேயே சாய்ந்து இருந்துவிட்டார். கதவில் ஐந்து விரலும் மாவாய்ப் பதிந்திருந்தது.

அன்று பின்னேரம் அப்பா வந்ததும் அம்மா சொன்னது ஒரே வசனம்தான்.

"ஏழு பேர். ஏழு பேரும் முகத்தை மூடிக்கொண்டு."

மறுநாள் அப்பா நசுங்கிய பேணியை நிமிர்த்திக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போய், தனக்குத் தெரிந்த ஐந்தாறு டேனிஷ் சொற்களில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

உங்களில் பலருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன். ஊரில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்தால் எல்லாரையும் வரிசையில் விடுவார்கள். முகத்தை மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஒருவன் முன்னால் இருப்பான். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். தலையாட்டி என்று பெயர். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, அப்படித்தான் போனார். பக்கத்துப் பெண்கள் வரிசையில் நின்ற அம்மா அந்தத் தலை ஆடியதைக் கண்டிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பதினாறு வயதில்தான் தெரியும். ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்தது, எங்கள் அம்மா வகுப்புப் பிள்ளைகளைக் கண்டு பயந்து கதவை அடித்துச் சாத்தினார் என்பது மட்டும். வகுப்புக்கும் அதுதான் தெரியும்.

அந்த வகுப்பில் என்னை விளையாடக் கூப்பிட்ட முதல் ஆள், பக்கத்துப் படிக்கட்டு வீட்டில் குடியிருந்த தோழி. முன்பல் ஒன்று பாதி உடைந்தவள். வாயில் எப்போதும் உப்பு லக்ரிட்ஸ் மிட்டாய் மணம். அந்த இரண்டாம் வருடம் அவள் கறுப்பு அட்டையில் இரண்டு பூனை முகம் வெட்டினாள். கூட்டுகிற தும்புத்தடியின் தும்பைப் பிடுங்கி மீசை வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. முகமூடியை அவளே வைத்திருப்பதென்றும், ஞாயிறு காலையில் கொண்டுவந்து நாலு தரம் மணி அடிப்பதென்றும் பேசிக்கொண்டோம்.

"நாலு தரம் என்றால் நான்தான். வேறு யாரும் நாலு தரம் அடிக்கமாட்டார்கள்" என்றாள் டேனிஷில்.

அந்த ஞாயிறு அவளோடு படியிறங்கிப் போய்விட்டால் திங்கட்கிழமை வகுப்பில் எனக்கு ஒரு இடம் கிடைத்துவிடும் என்று நம்பினேன். வீட்டில் சொல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை குசினி மேசையில் கூட்டம் நடந்தது. அப்பா பென்சிலோடு இருந்தார். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த சித்தப்பா, அங்கே திரட்டிய தகவல்களோடு இருந்தார். அம்மா எங்களுக்கு முதுகு காட்டி அடுப்பில் பயறு வறுத்துக்கொண்டு நின்றார்.

"வேலையில விசாரிச்சனான் அண்ணை. பத்து மணிக்குத் தொடங்குவாங்களாம். ஒண்டும் குடுக்காட்டிக் குழப்படி செய்வம் எண்டு பாட்டிலேயே இருக்காம்."

"என்ன குழப்படி?"

"அதைக் கேக்கேல்லை."

"அதையெல்லோ கேட்டிருக்கவேணும்."

"கேட்டாச் சிரிப்பாங்கள். போன கிழமை கேட்டதுக்கே இன்னும் சிரிச்சு முடியேல்லை."

அப்பா எதையோ எழுதி, வெட்டி, திரும்ப எழுதினார்.

"ரயிலெடுத்துப் புரொண்பிக்குப் பெரியண்ணை வீட்ட போனா என்ன?" என்றார் சித்தப்பா.

"பெரியண்ணை வீட்டுக்குக் கதவு இல்லையோ?"

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அம்மா சட்டியைத் திருப்பிக்கொண்டே, யாரையும் பாராமல் சொன்னார்.

"சின்னப் பிள்ளையள்தானே."

"நீ அதை யோசியாதை. நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்றார் அப்பா. அவர் குரல் அம்மாவோடு பேசும்போது மட்டும் வரும் குரல். அம்மாவின் அந்த வசனத்தை அவர் வலிந்து காட்டும் தைரியம் என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன். ஒருவரும் அம்மாவிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை.

நான் அப்போதுதான் வாய் திறந்தேன். எனக்குப் போகவேணும் என்றும், எனக்கு ஒரு முகமூடி இருக்கிறது என்றும் சொன்னேன்.

அப்பா பென்சிலை வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் கேட்காத சத்தத்தில் சொன்னார். "கொம்மா உன்னை அந்தக் கோலத்தில பாக்கக்கூடாது. விளங்குதோ? இதைப்பற்றி இனி இந்த வீட்டில கதைக்கிறேல்லை."

விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

பின்னேரம் ஆண்கள் இருவரும் கதவில் சங்கிலி பூட்டினார்கள். சித்தப்பா திருகாணி ஒன்றைக் கோணலாய் இறுக்கி, அதற்கு அரை மணித்தியாலம் ஏச்சு வாங்கினார். கடிதத் துவாரத்துக்கு மண்ணிற ஒட்டுநாடா மூன்று வரி ஒட்டினார்கள். அதே நேரம் குசினியில் அம்மா பயத்தம் உருண்டை பிடித்தார். வறுத்த பயறும் தேங்காயும் சீனிப்பாகும் சேர்ந்த மணம் யன்னல் சீலைகளில் ஏறியது. பிறகு எண்ணெய்த் தாளைச் சதுரமாய் வெட்டி, உருண்டைகளை அதில் வைத்து முறுக்கினார். சிவப்பு நூல்பந்தை என்னிடம் தந்து, ஒரு சாண் ஒரு சாணாய் வெட்டச் சொன்னார்.

"எத்தினை வெட்டிறது அம்மா?"

"வெட்டு பிள்ளை. காணும் எண்டு நான் சொல்லுறன்."

நான் கோபத்தில் இருந்தேன். கத்தரிக்கோலைச் சத்தமாய் மூடித் திறந்து வெட்டினேன். ஒரு கட்டத்தில் அம்மா "காணும்" என்றார். பொட்டலங்களை நீல நிற பிஸ்கற் பேணியில் அடுக்கி மூடினார். பணியாரப் பேணி எப்போதும் குசினியில், அரிசி வாளிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அன்று அம்மா அதைக் கொண்டுபோய் வாசற் கதவோரம், தொப்பி கையுறை வைக்கும் தட்டில் வைத்தார். நான் கண்டேன். காண்பதும் கவனிப்பதும் வேறு.

ஞாயிறு வந்தது. எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கூட அதிகமாய்க் கேட்டது. சித்தப்பா சோபாவில் கால் நீட்டி, டேனிஷ் பாடப் புத்தகத்தை மங்கல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். பக்கம் திருப்பும் சத்தத்துக்கு அப்பா முறைத்தார். படிக்கட்டில் பாட்டு கீழ்மாடியில் தொடங்கி மேலே ஏறி வந்தது. முதல் கூட்டம் ஒரு தரம் அடித்துவிட்டுப் போனது. இரண்டாவது கூட்டம் இரண்டு தரம். மணி அடித்த ஒவ்வொரு தரமும் அப்பா உள்ளறைப் பக்கம் அம்மாவைத்தான் பார்த்தார்.

பதினொன்றரைக்கு நாலு தரம் அடித்தது.

எப்படியோ நான் நடைக்கு வந்துவிட்டேன். கதவுக்கு நாலடி இருந்தது. கடிதத் துவாரத்தின் தகடு வெளியே கிரீச்சிட்டது. உள்ளே ஒட்டுநாடா உப்பி, அடங்கி, திரும்ப உப்பியது. இரண்டு விரலின் வடிவம் அதில் தெரிந்தது. தோழி என் பெயரைச் சொன்னாள். அவர்கள் சொல்லுகிற விதத்தில், முதல் எழுத்தை நீட்டி. அப்பா என் தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.

அப்போது அம்மா உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். கோயிலுக்கு உடுத்தும் பச்சைச் சேலை. தலை இழுத்து வாரியிருந்தது. நெற்றியில் புதுப் பொட்டு. நடையில் இரண்டடி வைத்து நின்று, கதவைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிருந்தது. அதுதான் அப்பாவுக்குத் தெரிந்தது. என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் போய், இரண்டு தோளையும் பிடித்து மெல்லத் திருப்பினார்.

"பயப்பிடாதை. நான் நிக்கிறன்தானே. உள்ள போய்ப் படு."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்ததாய் நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதலாம். பிறகு அவர் திரும்பிப் போனார். அறைக் கதவு மூடியது. வெளியே நாலாம் மாடிக்குப் போகும் காலடி கேட்டது, பிறகு கீழே இறங்கும் காலடி. என் தோளில் அப்போது யாருடைய கையும் இல்லை. நான் நினைத்திருந்தால் திறந்திருக்கலாம். இதையும் எழுதி வைக்கவேண்டும்.

ஐந்து மணிக்கு அப்பா சங்கிலியைக் கழற்றிக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். எங்கள் வீட்டுத் திட்டத்தில் இருந்த ஓட்டை அங்கே வரிசையாய்க் கிடந்தது. வீட்டுக்குள் சப்பாத்துக் கொண்டுவராத சனம் நாங்கள். அப்பாவின் வேலைச் சப்பாத்து, சித்தப்பாவின் கிழிந்த சப்பாத்து, அம்மாவின் குளிர்காலச் சப்பாத்து, என் சிவப்பு றப்பர் பூட்ஸ், எல்லாம் காலடி மிதியின் மேல் ஒழுங்காய் இருந்தன. விளக்கை நூர்த்து, வாயைப் பொத்தி, துவாரத்தை ஒட்டி ஒரு நாள் முழுக்க ஒளித்திருந்தோம். வந்த ஒவ்வொரு பிள்ளையும் சப்பாத்துகளைப் பார்த்து, நாங்கள் உள்ளே இருப்பதை அறிந்துகொண்டுதான் போயிருக்கிறது.

என் வலது பூட்ஸுக்குள் கறுப்பு அட்டை முகம் ஒன்று, கண் ஓட்டை மேலே தெரியச் செருகப்பட்டிருந்தது.

எனக்கு அது என்னவென்று தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது வேறு. முகமூடி ஒன்று வாசலுக்கு வந்திருக்கிறது. நாலு சோடி சப்பாத்தில் பிள்ளையின் சப்பாத்தைத் தெரிந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். அவர் அதை இரண்டாய் மடித்து, மேலங்கிக்குள் வைத்து மூடிக்கொண்டு கீழே போனார்.

"அப்பா, அது என்ர" என்றேன்.

"சத்தம் போடாதை. கொம்மாக்குக் கேக்கும்."

குசினி யன்னலால் பார்த்தேன். சைக்கிள் கொட்டிலுக்குப் பக்கத்துக் குப்பைத் தொட்டியைத் திறந்து, போட்டு, மேலே வேறு குப்பையை இழுத்து மூடினார். தும்பு மீசையில் ஒன்று படியில் விழுந்து கிடந்தது. அதைச் சில காலம் பென்சில் பெட்டியில் வைத்திருந்தேன். எப்போது தொலைந்தது என்பதற்குக் குறிப்பில்லை.

திங்கட்கிழமை தோழி கேட்டாள். "நீ வீட்டில் இல்லையா?"

"புரொண்பிக்குப் போயிருந்தோம்" என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். சிவப்பு பூட்ஸ். "சரி" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

அன்றிலிருந்து பல வாரங்கள் அப்பா என்னைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய் விட்டார். தன் காலை நேர டேனிஷ் வகுப்புக்குப் பிந்திப் போய் அங்கே பேச்சு வாங்கினார். கேற்றடியில் நின்று, உள்ளே போகும் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் உற்றுப் பார்த்தார். தலையாட்டியைத் தேடினார் என்று இப்போது தெரிகிறது. வகுப்புக்குத் தெரிந்தது, அந்தத் தகப்பன் எல்லாரையும் முறைக்கிறான் என்பதுதான். தோழி வேறு கூட்டத்தோடு போகத் தொடங்கினாள். கோடைக்கு முன் அவர்கள் குடும்பம் ஊர் மாறிவிட்டது.

ஈஸ்டர் கழிந்த ஒரு நாள், நடையில் காறல் மணம் அடிக்கிறது என்று அப்பா தேடினார். தொப்பித் தட்டில் நீலப் பேணி. அம்மா கடைக்குப் போயிருந்தார். அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். திரும்பத் திறந்து, ஒரு விரலால் பொட்டலங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு பேணியோடு கீழே போனார். வெறும் பேணியைக் கழுவி, துடைத்து, அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா வந்து அதைக் கண்டார். வாளியைத் திறந்து இரவுக்கு அரிசி அளந்தார். அடுத்த குளிருக்கு முன்னே, கீழ்வாசலில் பூட்டு உள்ள தொடர்மாடிக்கு மாறினோம். அங்கே பிள்ளைகள் யாரும் ஏறி வரமாட்டார்கள்.

போன ஒக்டோபர் கடைசியில், முதியோர் இல்லத்தில் என் வேலை முடிந்து வந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்காக இனிப்புக் கிண்ணத்தை நிரப்பினேன். மணி அடித்தவுடன் கைக்கு எட்டட்டும் என்று கதவோரத் தொப்பித் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா நீலப் பேணியை வைத்ததும் இப்படி ஒரு தட்டில்தான். அம்மா காலமாகி அப்போது ஆறு வருடம்.

ஓல்போர்க்கில் இருக்கும் சித்தப்பாவுக்கு அன்றே தொலைபேசி எடுத்தேன்.

"அந்த முறை அம்மா பயத்தம் உருண்டை பொட்டலம் கட்டினவ. உங்களுக்கோ கட்டினது?"

"எனக்கோ? எனக்கு உன்ர அம்மா ஒருநாளும் பொட்டலம் கட்டித் தரேல்லை. ஐஸ்கிரீம் பெட்டி நிறையப் போட்டுத் தருவா. பெட்டியைத் திருப்பித் தராட்டி அடுத்த முறை இல்லை." சிரித்தார். பிறகு மெதுவாய், "சிவப்பு நூல் கட்டி, கதவடியில வைச்சதோ?" என்றார்.

"ஓம்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடுவது கேட்டது.

"அண்ணையிட்ட இதைக் கேளாதை பிள்ளை" என்றார்.

அப்பா இன்னும் ஹோர்சன்ஸில்தான் இருக்கிறார். கண் மங்கிவிட்டது. இதை அவர் வாசிக்கமாட்டார். அந்த ஞாயிறு அம்மாவைக் காப்பாற்றியதாக அவர் நம்புகிறாரா, அந்தப் பேணியைத் திறந்த நாளிலிருந்து வேறொன்றை அறிந்திருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு வேறு கதைதான் கதைக்கிறேன்.

முதல் வருடம் வாசலுக்கு வந்த பிள்ளைகள் ஏழு பேர். இது அம்மாவின் வாய்மொழி. இரண்டாம் வருடம் பேணியில் இருந்த பொட்டலங்கள் எத்தனை என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. நூலை வெட்டியவள் எண்ணவில்லை. எண்ணியிருக்கக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்கப்படவில்லை.